உங்கள் ஒரு மாலைப் பொழுதைக் கொடுங்கள்

உங்கள் உறவுக்குள் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் பல மாதங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அவளுடைய மாமியார் எழுந்து, இரண்டு புடவையை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்குப் போகணும், கதவைத் திற" என்று நிற்கிறார். நாற்பது வருடமாக அவர் வாழ்ந்த வீடு அதுதான். அதைச் சொன்னால் அழுகிறார். சொல்லாவிட்டால் கதவைத் தட்டுகிறார். நம் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லையே என்று சொல்வதற்கு முன்னால், கடைசியாக நடந்த கல்யாணத்தையும் காதுகுத்தையும் நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் முதல் ஆளாக வந்து கடைசிப் பந்தி வரைக்கும் நின்று கவனித்தவர்களில் இப்போது யார் வருவதில்லை? வந்தாலும் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் ஓடுவது யார்? "அவ இப்பல்லாம் எங்கேயும் வர்றதில்ல, ரொம்ப மாறிட்டா" என்று யாரைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டீர்கள்? அவளைத்தான் சொல்கிறேன். அவள் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள்.

அந்த மாமியாருக்கு வந்திருப்பது எங்கோ ஒருவருக்கு வரும் நோய் இல்லை. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்றின் கணக்குப்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். உங்கள் தெருவில் பதினான்கு முதியவர்கள் இருந்தால் அவர்களில் ஒருவருக்கு இது இருக்கலாம். அந்த ஒருவருக்குப் பின்னால் குறைந்தது இன்னொருவர் தன் வேலையையும் தூக்கத்தையும் உடம்பையும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சீட்டு இல்லை, மருந்து இல்லை, மருத்துவமனையில் அவர் வெறும் 'கூட வந்தவர்'. டிமென்ஷியா நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் சுமார் 70 சதவீதத்தைப் பெண்கள்தான் கொடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊரில் அது மருமகள், கல்யாணம் ஆகாத மகள், வேலையை விட்டுவிட்டு வந்த மகள், தானே மூட்டுவலியோடு இருக்கும் மனைவி.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று நாம் சொல்வதில் தொடங்குகிறது அநியாயம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. கண்ணாடி எதற்கு என்பதே புரியாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நோய். மூளையின் செல்கள் அழிந்துகொண்டே வருவதால் நினைவு மட்டும் போவதில்லை. காலை எது, மாலை எது என்ற கணக்குப் போகும். சாப்பிட்டோமா என்பது போகும். அப்புறம் பசி என்ற உணர்வே போகும். ரவிக்கைக்கு மேல் ரவிக்கை போடுவார்கள். வெட்கம் மட்டும் வெகுகாலம் மிஞ்சியிருக்கும், அதனால்தான் குளிப்பாட்டப் போகும் மகளை அடிப்பார்கள். யாரோ ஒருத்தி தன் சேலையை அவிழ்க்கிறாள் என்றுதான் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிகிறது. பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும்; அந்தப் பதற்றத்துக்கு நடுவில்தான் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவார்கள், குக்கர் விசில் அடிக்கும், கணவர் அலுவலகத்திலிருந்து வருவார். இப்படி ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் இல்லை. எட்டு வருடம், பத்து வருடம் போகும் வீடுகள் உண்டு.

இந்த வீட்டுக்குள் நாம் எப்படி நுழைகிறோம்? நுழைந்தவுடன் குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தை நீட்டி, "என்னை யாருன்னு தெரியுதா?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை இன்றோடு விடுங்கள். அந்த முதியவருக்கு அது பரீட்சை. விடை தெரியாதபோது அவர் முகத்தில் வரும் கலக்கத்தை, நீங்கள் காப்பி குடித்துவிட்டுப் போன பிறகு இரண்டு மணி நேரம் சமாளிக்கப்போவது பராமரிக்கும் பெண்தான். "பெரியம்மா, நான் செல்வி, உங்க தங்கச்சி பொண்ணு, உங்களைப் பார்க்க வந்தேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். அவர் உங்களைத் தன் செத்துப்போன அக்கா என்று நினைத்துக்கொண்டால் அக்காவாகவே இருந்துவிட்டுப் போங்கள். "அம்மா எங்கே?" என்று எண்பது வயதில் அவர் தன் தாயைத் தேடினால், "அவங்க செத்து முப்பது வருஷமாச்சே" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்கு அது புதிய சாவு. "அம்மா கையால என்ன சமைப்பாங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். பேச்சு தானாகத் திரும்பும்.

நாம் செய்யும் இன்னொரு கொடுமை, திரும்பிப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வது. "நல்லாத்தானே இருக்காங்க, நீ ரொம்பப் பெரிசுபடுத்துற." வெளி ஆளைப் பார்த்ததும் இந்த நோயாளிகள் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள், பழைய மரியாதையோடு "வாங்க, சாப்பிட்டீங்களா" என்பார்கள். வாழ்நாள் முழுக்கப் பழகிய உபசாரம் கடைசியில்தான் அழியும். அரைமணி நேரம் அவர் மிச்சம் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி உங்களுக்குக் காட்டியிருக்கிறார். அதை வைத்து இருபத்துநான்கு மணி நேரம் கூட இருப்பவளைப் பொய் சொல்கிறவள் என்று தீர்ப்பெழுத உங்களுக்கு உரிமை கிடையாது.

நகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் உடைவது அங்கேதான். "என் சங்கிலியை இவ எடுத்துட்டா. சோறே போடறதில்ல. என்னை அடிக்கிறா." இதைத் தன் வாயால் மாமியார் சொல்லும்போது நாத்தனார் நம்பாமல் என்ன செய்வாள்? பெற்ற தாய் அல்லவா சொல்கிறாள்! ஆனால் இந்த நோயின் வரலாற்றைப் பாருங்கள். 1901இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். அவளைப் பார்த்துக் குறிப்பெடுத்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். பின்னாளில் அவர் பெயரே டிமென்ஷியாவின் முக்கிய வகை ஒன்றுக்குப் பெயரானது. அவளிடம் முதலில் வெளிப்பட்ட அறிகுறி மறதி இல்லை, கணவன்மீது வந்த சந்தேகம். பக்கத்தில் இருப்பவரைக் குற்றம் சாட்டுவது இந்த நோயின் குணம். சங்கிலியைத் தானே ஒளித்துவைத்துவிட்டு, வைத்ததை மறந்து, காணாமல் போனதற்கு ஒரு காரணத்தை மூளை தேடுகிறது. தினமும் கண்ணில் படும் முகம்தான் அதற்குக் கிடைக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் திருடியதாக அவர்கள் சொல்வது அபூர்வம். ஆகவே நாத்தனார்களே, கொழுந்தனார்களே, தொலைபேசியில் கேட்டதை வைத்துக் குடும்பப் பஞ்சாயத்து கூட்டாதீர்கள். நேரில் போய் அரிசிப் பானையிலும் தலையணை உறைக்குள்ளும் பூஜை அலமாரிக்குப் பின்னாலும் தேடுங்கள். கிடைத்ததும் மருமகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், நாலு பேர் முன்னால். முதியவர்கள் உண்மையிலேயே துன்புறுத்தப்படும் வீடுகளும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கவும் ஒரே வழி, அடிக்கடி நேரில் போய் வருவதுதான்.

உறவினர்கள் போய் உட்கார்ந்தால் நோய் குணமாகிவிடுமா என்று கேட்கலாம். குணமாகாது. ஆனால் என்ன ஆகும் என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1987 முதல், நோயுற்ற கணவனையோ மனைவியையோ வீட்டில் பார்த்துக்கொண்ட 406 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள் நடத்தினார்கள். இரண்டு தனியாக, மற்ற நான்கும் குடும்பத்தாரை ஒன்றாக உட்காரவைத்து. பிறகு தங்களைப் போன்றவர்கள் கூடும் குழுவில் சேரச் சொன்னார்கள், தேவைப்படும்போது தொலைபேசியில் பேசினார்கள். புதிய மாத்திரை எதுவும் இதில் இல்லை. 2006இல் முடிவு வெளியானபோது, இந்த ஆதரவு கிடைத்த வீடுகளில் நோயாளியைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டிய நாள் சுமார் 557 நாட்கள் தள்ளிப்போயிருந்தது. ஒன்றரை வருடத்துக்கும் மேல்! அண்ணனும் தங்கையும் மகனும் ஒரே அறையில் உட்கார்ந்து யார் என்ன செய்வது என்று பேசியதற்கு அவ்வளவு பலம் இருந்தது.

அமெரிக்கா வேறு, நாம் வேறு என்றால் கோவாவுக்கு வாருங்கள். மருத்துவர் அமித் டயஸும் அவருடைய சகாக்களும் 81 குடும்பங்களை வைத்து நடத்திய சோதனை 2008இல் வெளியானது. அந்த ஊரிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். அவர்கள் மருத்துவர்கள் இல்லை, செவிலியர்கள் இல்லை. போய் உட்கார்ந்தார்கள், நோய் என்னவென்று விளக்கினார்கள், அடம்பிடிக்கும்போது எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள், பராமரிப்பவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநிலை தேறியது, வேதனை குறைந்தது.

அதனால்தான் கேட்கிறேன், ஆலோசனை வேண்டாம், நேரம் கொடுங்கள். வல்லாரைக் கீரை கொடுத்துப் பார், அந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போ, அந்த வைத்தியரைப் பார் என்று சொல்ல ஊரே இருக்கிறது. "வியாழக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் நான் பார்த்துக்கறேன், நீ வெளியே போயிட்டு வா" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சொன்னால் ஒவ்வொரு வியாழனும் போக வேண்டும். ஒரு தடவை போய்விட்டு அடுத்த வாரம் "வேலை வந்துடுச்சு" என்பவர், போகாமலே இருந்திருக்கலாம். அந்த மூன்று மணி நேரத்தை நம்பி அவள் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவைத்திருப்பாள். அவள் எங்கே போகிறாள் என்று கேட்காதீர்கள். டாக்டரிடம் போகலாம், பூங்காவில் சும்மா உட்காரலாம், தோழி வீட்டில் படுத்துத் தூங்கலாம், சினிமாவுக்குப் போகலாம். "மாமியாரை இப்படிப் போட்டுட்டு சினிமாவா?" என்று கேட்கும் நாக்கு நம்மில் பலருக்கு இருக்கிறது. அதை அடக்குங்கள்.

அந்த மூன்று மணி நேரம் நீங்கள் என்ன செய்வது? பயப்பட வேண்டாம். கைக்கு வேலை கொடுங்கள். மொச்சை உரிக்கலாம், துணி மடிக்கலாம், பூ தொடுக்கலாம். பெயர்கள் போன பிறகும் பூத் தொடுக்கும் விரல்கள் மறக்காமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மடித்த துணியைக் கலைத்துவிட்டு மறுபடி மடிக்கக் கொடுத்தாலும் தப்பில்லை. அவர் இளவயதில் கேட்ட பாட்டைப் போடுங்கள். ஒரு முழு வாக்கியம் பேச முடியாதவர் பல்லவியைத் தப்பில்லாமல் பாடுவார். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் முதல் தடவைபோலப் பதில் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அதைச் செய்கிறவளுக்கு நீங்கள் தரும் விடுப்பு அதுதான். தொலைக்காட்சியில் சண்டை போடும் சீரியலை மட்டும் வைக்காதீர்கள், அதெல்லாம் தன் வீட்டுக்குள் நடப்பதாக அவர் நினைத்து நடுங்கக்கூடும்.

வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வருகிறேன். வீடியோ காலில் பார்த்துவிட்டு "ஏன் அம்மா இப்படி இளைச்சுட்டாங்க? சரியா சாப்பாடு கொடுக்கறதில்லையா?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி போய் விழும் இடம் தெரியுமா? ஒரு கவளம் சோற்றை வாயில் வைத்து, அதை விழுங்கச் சொல்லி, துப்பியதைத் துடைத்து, மறுபடி ஊட்டி, ஒன்றரை மணி நேரம் தட்டோடு உட்கார்ந்திருந்தவளின் நெஞ்சில். உங்களால் வர முடியாது, சரி. பகல் நேரத்துக்கு ஓர் உதவியாளரை வைக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். டயப்பருக்கும் மருந்துக்கும் கேட்காமலே மாதம் முதல் தேதி பணம் போடுங்கள். கேட்கவைத்துக் கொடுப்பது பிச்சை. வருடாந்திர விடுமுறையில் வரும்போது ஊர் சுற்றாமல், பதினைந்து நாள் அந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அண்ணியை அவள் தாய்வீட்டுக்கு அனுப்புங்கள். முதல் மூன்று நாளிலேயே உங்களுக்கு எல்லாம் புரிந்துவிடும்.

சொத்துப் பேச்சை இப்போதே, நோய் முற்றுவதற்கு முன்னால் பேசி முடியுங்கள். பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் பல குடும்பங்கள் பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. எழுதிக்கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும் என்பதுதான் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன்பின் அவர் சேமிப்பிலிருந்து அவர் மருத்துவத்துக்கே பணம் எடுக்க முடியாமல் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். தெளிவோடு இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, வாரிசு நியமனம், உயில், மருத்துவத்தில் தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்ற விருப்பம் எல்லாவற்றையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பார்த்துக்கொள்பவளின் உழைப்புக்கு அதில் ஒரு பங்கு வைக்கச் சொல்லவும் கூசாதீர்கள். கடைசிவரை கழுவித் துடைத்தவளைக் காரியம் முடிந்த மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கதை எந்த ஊரில் இல்லை?

ஆண்களிடம் தனியாக ஒன்று. 'ஓ காதல் கண்மணி' படத்தில் நோயுற்ற மனைவியைக் கணவர் கணபதி கவனித்துக்கொள்வதைப் பார்த்துத் தியேட்டரில் கண் கலங்கினோம். வீட்டில் எத்தனை பேர் அப்படி? "அம்மாவை நான் எப்படிக் குளிப்பாட்டறது" என்று நகர்ந்துவிடும் மகன், கஞ்சி ஊட்டலாம், இரவு விழித்திருக்கலாம், டயப்பர் குப்பையை வெளியே கொண்டுபோகலாம், மருத்துவமனை வரிசையில் நிற்கலாம். மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, "என் அம்மாவை நல்லாப் பார்த்துக்கறா" என்று வெளியே பெருமை பேசுவது மகனின் கடமையில் சேராது. மனைவிக்கு நோய் வந்து தனியாகப் போராடும் முதிய கணவர்களும் இருக்கிறார்கள். சமைக்கத் தெரியாது, அவளுக்குப் புடவை கட்டிவிடத் தெரியாது, யாரிடமும் கேட்கவும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் காலையில் பத்து நிமிடம் போனால் அந்த மனிதர் பிழைப்பார்.

அடுத்து தெரு. இந்த நோயாளிகள் கதவு திறந்திருந்தால் நடந்துகொண்டே போய்விடுவார்கள். போக வேண்டிய இடம் அவர்கள் மனதில் தெளிவாக இருக்கும், அது இன்று இல்லாத ஓர் இடம். குடும்பங்கள் வெட்கப்பட்டு நோயை மறைப்பதால்தான் டீக்கடைக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்களும் வயதானவர் வாக்கிங் போகிறார் என்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மறைக்காதீர்கள். "எங்க அப்பாவுக்கு மறதி நோய், தனியாப் பார்த்தா பேச்சுக்கொடுத்து நிறுத்திவச்சுட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்று கடைக்கடையாகச் சொல்லுங்கள். சட்டைப் பையிலும் இடுப்புக் கயிற்றிலும் தொலைபேசி எண் இருக்கட்டும். கேள்விப்பட்ட தெரு அதை வம்பாக்காமல் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் 2005இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சுமார் ஒன்றரை மணி நேர வகுப்பு. வந்தவர்களுக்கு இந்த நோய் என்ன, தெருவில் கண்டால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்து, கையில் போட்டுக்கொள்ள ஆரஞ்சு நிற வளையம் ஒன்றைத் தந்தார்கள். வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிப் பேருக்கு மேல் அதைப் படித்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம்! நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்காகச் செலவிடும் நேரம் அது. மகளிர் குழுக் கூட்டத்தில், ஜமாத்தில், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, கோயில் மண்டபத்தில் ஒரு மருத்துவரையோ, இந்த நோயாளியைப் பார்த்துக்கொண்ட அனுபவம் உள்ள ஒருவரையோ அழைத்துப் பேசவைக்க என்ன தடை?

மருத்துவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறதி எல்லாமே டிமென்ஷியா இல்லை. தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, விழுந்ததில் மூளைக்குள் கட்டிய ரத்தம், சில மாத்திரைகள் எல்லாமே அதுபோலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் திடீரென்று இரண்டே நாளில் குழம்பிப்போனால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். அன்றே காட்டுங்கள். முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லேயே தொடங்கப்பட்டது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ், 1992இல் கேரளத்தில் தொடங்கி நாடு முழுக்கக் கிளை பரப்பிய அல்சைமர் சங்கம் இரண்டும் பராமரிப்பவர்களுக்காகவும் வேலை செய்கின்றன. முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416. பின்னது பராமரிப்பவர்களான உங்களுக்காகவும்தான். அழுது பேசலாம்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தின்கீழ், படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தார்கள். தொகை சிறியது. ஆனால் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டதே பெரிது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடுவீடாகப் போய் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அதே படிக்கட்டு, அதே வீடு. கோவாவில் கொடுத்த பயிற்சியை இவர்களுக்கும் கொடுத்தால், மாத்திரைப் பையை நீட்டும்போதே "நீங்க எப்படி இருக்கீங்க, தூங்கினீங்களா?" என்று பார்த்துக்கொள்பவளிடம் கேட்க முடியும். ஒவ்வொரு வட்டாரத்திலும் காலையில் விட்டு மாலையில் அழைத்துவரும் பகல் நேரக் காப்பகம் ஒன்று வேண்டும். வேலை பார்க்கும் இடங்களில் இதற்கென்று விடுப்பு வேண்டும். இவற்றை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் வாசலிலேயே கேளுங்கள். இங்கே சாலையும் குடிநீரும் கேட்டுக் கிடைத்ததுதான்.

பராமரிக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை. கோபத்தில் கத்தியிருப்பீர்கள். ஒருநாள் கையை ஓங்கியிருப்பீர்கள், அன்று இரவெல்லாம் அழுதிருப்பீர்கள். "இவங்க போய்ச் சேர்ந்தா தேவலை" என்று நினைத்துவிட்டு உங்களையே வெறுத்திருப்பீர்கள். இது உங்கள் மனதின் கெடுதல் இல்லை, மூன்று பேர் சுமக்க வேண்டியதை ஒருவராகச் சுமப்பதன் விளைவு. கை ஓங்கும் நிலை வந்தால் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாரையாவது கூப்பிடுங்கள். உதவி தருகிறேன் என்று வருபவரிடம் "பரவாயில்ல, நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லாதீர்கள். காய்கறி வாங்கி வரச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். முடியாத கட்டம் வந்து நல்ல காப்பகத்தில் சேர்த்தால் அது கைவிடுவது ஆகாது. ஊர் பேசும். சேர்த்தவரைப் பற்றிப் பேசும் ஊராரே, அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் அந்த வீட்டில் இருந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

உறவினர்களே, சாவுக்குப் பிறகும் உங்கள் கடமை முடியவில்லை. சாவுக்கு எல்லாரும் வருவோம், மாலை போடுவோம், "கல்யாண சாவு" என்போம். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். அவளுக்கோ அதற்கப்புறமும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். எட்டு வருடம் முன்னால் விட்ட வேலை காத்திருக்காது. கூடப் படித்தவர்கள், அலுவலகத் தோழிகள் எல்லாரும் தொடர்பற்றுப் போயிருப்பார்கள். தள்ளிப்போட்ட கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை, பார்க்காமல் விட்ட சர்க்கரை, முதுகுவலி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பதினேழாம் நாள் போங்கள். அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் முழுப் பரிசோதனை செய்யுங்கள், செலவை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளட்டும். அவள் செய்யக்கூடிய வேலை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த நாலு இடத்தில் விசாரியுங்கள், அடுத்த மாதம் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வண்டியோடு போய் அவளைக் கூட்டி வாருங்கள்.